ஓர் இதழ் குறைந்த அச்சு முறுக்கு

ஈஸ்வரியின் கையில் கத்தியைக் கொடுத்தால் எந்தப் பழமும் நெடுக்கில் வெட்டுப்படாது. குறுக்கில்தான். பப்பாளியைக் குறுக்கே அறுத்து, உள்ளே இருக்கும் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் விதையை வழித்துப் போடுவாள். வெண்டைக்காயை நறுக்கும்போது ஒவ்வொரு வில்லையையும் அவள் கண் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் போகும். எலுமிச்சைக்குள் வண்டிச் சக்கரம் இருக்கிறது என்பாள். வாழைப்பழத்தில்கூட நடுவிலிருந்து மூன்று கோடுகள் பிரிவதைக் கணவனுக்குக் காட்டியிருக்கிறாள்.

"பழம் துன்றதுக்கா, படம் பாக்கறதுக்கா?" என்பான் கணவன் ஆனந்தன்.

"பாத்துட்டு துன்னா இன்னா கொறஞ்சிப் போய்டும்? நடு சரியா கீதான்னு பாக்கறேன். நடு சரியா இருந்தா சுத்தியும் சரியா இருக்கும்."

ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்குப் பிரியும் சாலையோரம் நீலத் தார்ப்பாய் கட்டிய சின்னக் கடை அவளுடையது. சாமை மாவில் அச்சு முறுக்கு சுட்டு விற்கிறாள். படவேட்டிலிருந்து மலையேறி வந்து மாவு மில் வைத்திருக்கும் ஆனந்தன்தான் அவளுக்கு மாவரைத்துக் கொடுப்பவன். பூவைப் போல வார்த்த அச்சை எண்ணெயில் சுடவைத்து, கரைத்த மாவில் முக்கால் பங்கு மட்டும் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக உதறினால் போதும். பூ கழன்று பொன்னிறமாக மிதக்கும். ஆயிரம் தடவை பார்த்த அந்தக் காட்சியை ஆயிரத்தோராவது தடவையும் புதிதாய்ப் பார்க்கிற பெண் அவள். அருவிக்கு வரும் வேலூர்க்காரர்கள் முறுக்கை வாங்குவதைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும்.

ஆனால் அந்தச் சிரித்த முகத்துக்குள்ளே ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் அருணகிரி. அவளுடைய ஒரே அண்ணன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருகிறவன் கூடப்பிறந்தவன். அவன் வந்து சேரும்வரை மேளம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நேரம் போனால் போகட்டும், ஆள் வரவேண்டும். ஈஸ்வரியின் கல்யாணம் நடந்தது மாப்பிள்ளை ஊரான படவேட்டில். அங்கே நேரம்தான் பெரிது. மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அருணகிரி, சீர்த்தட்டைத் தலையில் சுமக்காத குறையாகக் கிளம்பிய அன்றைக்குப் பார்த்து அவன் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. "முகூர்த்தம் தாண்டுது" என்று ஐயர் அவசரப்படுத்த, யாரோ ஒரு பெரியம்மா பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப்போக, தாலி ஏறிவிட்டது.

வியர்த்து விறுவிறுத்து வந்து நின்ற அருணகிரி கண்டது, தங்கையின் கழுத்தில் மஞ்சள் கயிறு. சீர்த்தட்டை அப்படியே தரையில் வைத்தான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தான்.

எனக்காகக் காத்திருக்கவில்லையே என்பது அண்ணனின் ரோஷம். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனானே என்பது தங்கையின் ரோஷம். இரண்டு ரோஷமும் ஒரே வயிற்றில் பிறந்தவை அல்லவா, ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. மலைக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவே நாள்தோறும் வண்டிகள் போய்வந்தன. பேச்சு மட்டும் போகவில்லை, வரவுமில்லை.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் மகள் கவியா. ஐந்து வயதாகிறது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தல்லவா குத்த வேண்டும்?

பங்குனிக் கடைசியில் படவேட்டிலிருந்து மாமியார் மங்கம்மாள் போன் செய்தார்.

"ஊர்ல இருக்கற பொட்டப்புள்ளைங்க எல்லாம் தோடு ஜிமிக்கின்னு ஆட்டிக்கினு திரியுதுங்க. எம்பேத்தி காது மட்டும் மூளியா கீது. வைகாசில நம்ம அம்மன் கோயில்ல குத்திடறோம். ஒங்கண்ணன் வந்தா வரட்டும். வரலன்னா கணியம்பாடி புருஷோத்தமன் கீறான்."

புருஷோத்தமன் ஏதோ ஒரு சுற்றில் ஆனந்தனுக்கு மச்சான் முறை. சொந்த மாமன் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் மடி கொடுத்துப் பழகியவர். வேட்டியை எப்படி மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை நழுவாது, எந்த நொடியில் வாயில் சர்க்கரையைப் போட்டால் அழுகை அடங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"மாமன் மடி இன்னா பஸ் சீட்டா அத்த, எது காலியா கீதோ அதுல ஒக்கார வச்சிக்க?"

"அப்ப ஒங்கண்ணன கூப்புடு."

ஈஸ்வரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"கூப்புட மாட்டே. அவனும் வர மாட்டான். உங்க ரெண்டு பேர் வீம்புக்கு நடுவுல எம்பேத்தி காது மாட்டிக்கினு கீது. நான் புருஷோத்தமன் கிட்ட சொல்லிட்றேன்."

போனை வைத்த பிறகு ஆனந்தன் மெதுவாகக் கேட்டான். "நான் போய் கூப்புடட்டா? மச்சான் கால்ல வுழணும்னாலும் வுழறேன்."

"நீங்க போனா அது நீங்க கூப்பிட்டது. நான் கூப்பிட்டதா ஆவாது."

"அப்ப நீ போ."

"நான் எதுக்குப் போவணும்? சாப்புடாம போனது யாரு?"

ஆனந்தன் மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டான்.

காதுகுத்துக்குச் சீர்த்தட்டில் வைக்கக் கூடை கூடையாய் அச்சு முறுக்கு சுட வேண்டும் என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் பழைய பித்தளை அச்சு காம்போடு முறிந்து எண்ணெய்க்குள் விழுந்தது. சந்தையில் வாங்கிய எட்டிதழ் அச்சு. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெட்பாலை மரம் பூத்து நின்றது. வெள்ளை வெளேரென்று ஐந்து இதழ்ப் பூ. நடுவிலிருந்து ஐந்தும் ஒரே தூரம் ஓடி ஒரே இடத்தில் நின்றுவிடும். ஈஸ்வரி ஒன்றைப் பறித்து, பால் வடியும் காம்பை ஈரத்துணியில் சுற்றினாள். இத்தனை பூ இருக்க எதற்காக அந்தப் பூ என்று அவளையே கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை அருளின் ஜீப்பை நிறுத்தினாள். அருள், மலைக்கும் ஒடுகத்தூருக்கும் இடையே ஆளையும் புளியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறவன்.

"அருளு, ஒடுகத்தூர்ல இரும்பு வேல செய்றவங்க யாருகிட்டயாவது குடு. இந்தப் பூ மாதிரியே அச்சு வேணும். அஞ்சு எதழும் ஒண்ணுபோல இருக்கணும்."

"உங்கண்ணன் பட்டறையே அங்கதானக்கா..."

"அங்க மட்டும் வேணாம்."

"சரிக்கா" என்றான் அருள். அவன் எல்லாவற்றுக்கும் சரிக்கா சொல்கிறவன்.

சில நாள் கழித்து அச்சு வந்தது. மெல்லிய இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்த ஐந்து இதழ். ஈஸ்வரி அதைக் கையில் வாங்கியதும் மூச்சை உள்ளே இழுத்தாள். காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லச் சுழற்றினாள். ஓர் இதழ் நகர்ந்த இடத்தில் அடுத்த இதழ் வந்து நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பூ.

"யாரு செஞ்சது அருளு?"

"ஒரு பட்டறைல" என்று சொன்ன அருள், ஆள் ஏறுமுன்பே ஜீப்பைக் கிளப்பிவிட்டான்.

புது அச்சை எண்ணெயில் ஊறவைத்துப் பழக்கினாள். மாவு கரைத்தாள். சாமியை நினைத்து முதல் முறுக்கை இறக்கினாள். உதறினாள். கழன்று மிதந்தது.

நாலு இதழ்.

ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி. மாவு நீர்த்துவிட்டதென்று இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்தாள். நாலு இதழ். சரி, ஆழமாகத் தோய்த்துப் பார்ப்போம் என்று அழுத்தினாள். மாவு அச்சின் மேல் விளிம்பையும் மூடிக்கொண்டது. முறுக்கு கழலாமல் இரும்போடு ஒட்டிக் கருகியது. தேங்காய்ப்பால் மேல் சந்தேகம் வந்தது. எண்ணெய் மேல் வந்தது. கடைசியில், எல்லாப் பெண்களுக்கும் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றது.

"நீங்க சரியா அரைக்கல. நொய்யா கீது."

"ரெண்டு தபா ஓட்டினேன்."

"இன்னோரு தபா ஓட்டுங்க."

ஆனந்தன் இன்னொரு தபா ஓட்டினான். சலித்தான். மறுபடி சலித்தான். மாவு முகப்பவுடர் மாதிரி ஆகிவிட்டது. முறுக்கு நாலு இதழோடுதான் வந்தது.

"மாவு மேல தப்பு இல்ல ஈஸ்வரி. அதுக்கு வாய் இருந்தா இந்நேரம் அழுதிருக்கும்."

கடைக்கு வந்த ஒரு வேலூர்க்காரர் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஒரு எதழ ஆடு மேஞ்சிட்டு போய்ட்டுதா?"

ஈஸ்வரியும் சிரித்துவைத்தாள். வைகாசி நெருங்குகிறது. புருஷோத்தமன் பட்டு வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டதாக மாமியாரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. சொந்த மாமனும் இல்லாமல், சீர்த்தட்டில் மூளி முறுக்கோடு என் பிள்ளைக்குக் காது குத்தப் போகிறேனா?

அன்று மத்தியானம் அடுப்பருகே அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து கவியா கூப்பிட்டாள்.

"யம்மா, இங்க பாரேன். குத்தாமலே தோடு."

திரும்பினாள். ஒதுக்கி வைத்த முறுக்குகளில் இரண்டை எடுத்து, இதழ் இல்லாத அந்த இடைவெளி வழியாகக் காது மடலில் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டாமல் விறைப்பாக நின்றாள் குழந்தை.

ஈஸ்வரி சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. நாலு இதழும் ஓர் இடைவெளியும். அதை அவள் இதற்கு முன்பு பார்த்திருக்கிறாள்.

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் மாடு ஓட்டிப் போவார்கள். போகிற நாளெல்லாம் சண்டை. சண்டை போட்டால் பேச்சில்லை. யாருக்கு முதலில் மனசு இளகுகிறதோ, அவர் ஒரு வெட்பாலைப் பூவை எடுத்து, ஓர் இதழை மட்டும் கிள்ளிவிட்டு, மற்றவருடைய கஞ்சித் தூக்கின் மேல் வைத்துவிட வேண்டும். மற்றவருக்கும் சம்மதமென்றால் எங்கிருந்தாவது ஓர் இதழைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் வைப்பார். அவ்வளவுதான். மன்னிப்பு கேட்க வேண்டாம், யார் மேல் தப்பு என்று பேச வேண்டாம். இதழ் சேர்ந்தால் சண்டை முடிந்தது.

ஈஸ்வரி அச்சை எடுத்தாள். இத்தனை நாளும் அதை மேலேயிருந்து பார்த்து மயங்கியவள், இப்போது கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். நாலு இதழின் கீழ் விளிம்பும் ஒரே மட்டம். ஐந்தாவது மட்டும் அரை விரல் குட்டை. அதனால்தான் அது மாவைத் தொடவே இல்லை. அந்தக் குட்டை விளிம்பைத் தடவினாள். அரம் போட்டு வழவழவென்று ராவியிருந்தது. கைதவறி நேர்ந்த குறைக்கு யாரும் இத்தனை அக்கறையாக அரம் போடமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அருளின் ஜீப் வந்தது. ஈஸ்வரி சாலையின் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"அருளு. அச்சு செஞ்சது யாரு?"

அருள் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "ரெண்டு பட்டறைல கேட்டேன்க்கா. வாசக் கேட்டு, ஜன்னல் கிரில்லுன்னா கொண்டா, பூவெல்லாம் செய்ய மாட்டோம்னுட்டாங்க. அதான்..."

"அங்க மட்டும் வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நானும் சரின்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. யாரு குடுத்ததுன்னுகூட கேக்கல. பூவ கையில வச்சிக்கினு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. டீயோட பன்னும்."

சாலை நடுவிலேயே ஈஸ்வரியின் கண்கள் உடைப்பெடுத்துவிட்டன. எத்தனை வருஷத்து வைராக்கியம்! எத்தனை பண்டிகைகளில் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கண்கள்! வாயால் சொல்ல ரோஷம் விடாத அண்ணன், தங்கைக்கு இரும்பில் ஒரு பூவைச் செய்து, அதில் ஓர் இதழைக் கிள்ளி அனுப்பியிருக்கிறான். அவளோ அது புரியாமல் மாவைத் திட்டியிருக்கிறாள்.

மில்லிலிருந்து சாப்பிட வந்த ஆனந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகமெல்லாம் மாவோடு நின்றான். "அப்ப மாவு மேல தப்பு இல்லன்னு இப்பவாவது ஒத்துக்கறியா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை எள் தூவி மாவு கரைத்தாள். ஆனால் இந்தத் தடவை அச்சை நேராகத் தோய்க்கவில்லை. சாய்த்துப் பிடித்தாள். குட்டையாய் இருந்த அந்த ஒரே இதழ் மட்டும் மாவில் படும்படி சாய்த்து, அப்படியே எண்ணெயிலும் பிடித்துக் காத்திருந்தாள். கை சுட்டது. கழன்று விழுந்தது ஒற்றை இதழ், பொன்னிறமாக, தனியாக. நாலு இதழ் முறுக்கு ஒன்றையும் அந்த ஒற்றை இதழையும் மந்தாரை இலையில் பொதிந்து, கவியாவுக்குப் புதுக் கவுன் போட்டு, அருளின் ஜீப்பில் ஏறினாள்.

"அண்ணன்கிட்ட இன்னா சொல்லுவீங்கக்கா?" என்று வழியில் கேட்டான் அருள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். பூவ வச்சி, எதழ வச்சிட்டு நிப்பேன். அவ்ளோதான்."

ஜீப் இறக்கத்தில் ஆடி ஆடி இறங்கியது. விடியலில் எழுந்த களைப்பில் ஈஸ்வரி சற்றே கண்ணயர்ந்தாள்.

ஒடுகத்தூரில் பட்டறை வாசலில் இறங்கினாள். உள்ளே ஜன்னல் கிரில் ஒன்றுக்கு மேல் குனிந்திருந்த மனிதர் முகமூடியைத் தூக்கினார். அண்ணன்தான். காதோரம் நரைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் சுவரில், வாசலைப் பார்த்தபடி ஓர் ஆணியில் இன்னொரு அச்சு தொங்கியது. அதே வெட்பாலை. ஐந்து இதழும் முழுசாக, ஒரே மட்டமாக.

ஈஸ்வரி மேஜை மேல் இருந்த இரும்புத் தூளை முந்தானையால் துடைத்தாள். இலையை வைத்துப் பிரித்தாள்.

நாலு இதழ் முறுக்கு இருந்தது. ஒற்றை இதழைக் காணோம்.

இலையை உதறினாள். பையைக் கவிழ்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து மகளைப் பார்த்தாள். கவியாவின் உதட்டோரம் ஓர் எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி பண்ண?"

"பசிச்சுது."

வாயைத் திறக்காமல் முடித்துவிடலாம் என்று வந்தவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எதழ எடுத்தாந்தேண்ணா. வழியிலயே உம்மருமவ துன்னுட்டா."

அருணகிரி நாலு இதழைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். எள் ஒட்டிய உதட்டைப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று ஈஸ்வரி பதறினாள். சிரிப்பு. பட்டறை முழுக்கக் கேட்கும் சிரிப்பு. கண்ணில் மட்டும் நீர்.

"துன்னுட்டாளா? அப்ப எதழு இவ வயித்துலதான கீது." கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மருமகளைத் தூக்கினான். நாலு இதழ் முறுக்குக்கு முன்னால், தன் மடியில் உட்கார வைத்தான். "வந்து சேந்துட்ச்சி. போதும்."

கவியா அவனை அண்ணாந்து பார்த்தாள். "நீதான் மாமாவா? ஒன் மடிலதான் குத்துவாங்களா?"

"ஆமா. வலிச்சா என்னைக் கடிச்சிக்க."

"முழுப் பூவதான அனுப்பிச்சேன்" என்றாள் ஈஸ்வரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ ஏன் கிள்ளின?"

"நம்ம கணக்குல முழுப் பூவுக்கு அர்த்தமே கெடயாதே ஈசு. வச்சிக்கினு யோசிச்சேன், இவ இன்னா சொல்ல வர்றான்னு. ஒண்ணும் புரியல. அதான் நானே கிள்ளிட்டேன்." ஆணியில் தொங்கிய அச்சைக் காட்டினான். "நல்லது அங்க கீது. சண்ட போடவாவது வருவன்னு பாத்தா, இத்தன நாளு மாவையா மாத்திக்கினு இருந்த?"

"உன் மச்சான் சரியா அரைக்கலன்னு நெனச்சேன்."

"பாவம்டி அந்த மனுஷன்" என்றான் அருணகிரி. ஆனந்தனைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

வைகாசியில் படவேட்டு அம்மன் கோயிலில் கவியாவுக்குக் காது குத்தினார்கள். நல்ல நேரம் எட்டரைக்கு முடிகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். மங்கம்மாள் அவரைக் கையமர்த்தினார். "இருங்க சாமி. மாமன் வரட்டும். நேரம் எங்க போய்டப் போவுது?" மேளக்காரர்கள் நிறுத்தாமல் அடித்தார்கள். ஆனால் அருணகிரி தாமதமாக வரவில்லை. வண்டியை நம்பாமல் முந்தின நாளே வந்து, கோயில் குளத்தருகே குளித்துவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஊசி இறங்கியபோது கவியா கத்தினாள். மாமன் கையை நிஜமாகவே கடித்தாள். கடிபட்டவன் அழுதது அவளைவிட அதிகம். கூட்டத்தில் விருந்தாளியாக நின்ற கணியம்பாடி புருஷோத்தமனுக்குத் தாங்கவில்லை.

"வேட்டிய இப்டி இழுத்துக் கட்டிக்க தம்பி. நழுவுது பாரு. சர்க்கரைய இப்ப போடு. இப்ப."

மாமன் சீராகக் கொண்டுவந்த தோட்டை ஈஸ்வரி கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணினாள்.

"ஆறு எதழு கீதே."

"அஞ்சு எதழு கடைல இல்லியாம். செஞ்சி தரட்டான்னு நானே கேட்டேன், இரும்புலயா போடப் போறன்னு கடக்காரன் சிரிக்கறான்."

ஈஸ்வரி தோட்டைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு குனிந்து, விசும்பிக்கொண்டிருந்த மகளின் காதில் தானே மாட்டினாள். தட்டில் அடுக்கிய முறுக்குகளிலிருந்து புருஷோத்தமன் ஒன்றை எடுத்து, எதற்கும் ஒரு தடவை இதழை எண்ணிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.